ஒரே சட்டமும் ஒரு கொள்ளிக்குடமும்

1. முதல் நாள்

வேலையில் சேர்ந்த முதல் நாள் எனக்கு ஒரு பெல்ட், ஒரு விசில், ஒரு தடி கொடுத்தார்கள். சட்டம் என்று எதையும் கொடுக்கவில்லை. ஜெயில் கேட்டில் நின்ற சார்ஜன்டிடம், இங்கே என்ன ரூல் என்று கேட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிங்களத்தில் சொன்னார்.

"இந்தக் கேட்டுக்குள்ள நான்தான் ரூல். நான் லீவு போனா ரூலும் லீவு."

சிரிப்புக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

எனக்குப் படிப்பு குறைவு. அப்பா கண்டியில் முனிசிபல் தொழிலாளி. பள்ளிக்கூடத்தை விட ரோட்டில்தான் அதிகம் இருந்தேன். அதனால் சிங்களம் நன்றாக வந்தது. சிறைக்காவலர் வேலைக்குத் தமிழ் தெரிந்தவர்களைத் தேடினார்கள். பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சையை இரண்டாவது தடவையில் ஒருவாறு தாண்டியிருந்தேன். எடுத்துக்கொண்டார்கள். பெயர் மாரிமுத்து. எல்லாருக்கும் மாரி.

பல ஜெயில்களில் வேலை செய்தேன். கடைசிப் பல வருடங்கள் கண்டிப் பக்கம். எந்த ஜெயில் என்று எழுதவில்லை. எழுதினால் சிலருக்கு மனம் நோகும்.

ஒவ்வொரு ஜெயிலிலும் ஒவ்வொரு சட்டம். ஒரு ஜெயிலில் ஜெயிலர் வந்தால் கைதிகள் குந்த வேண்டும். இன்னொன்றில் எழும்பி நிற்க வேண்டும். குந்துகிற ஜெயிலிலிருந்து ஒருவனை எங்களிடம் மாற்றினார்கள். வந்த அன்று ஜெயிலரைக் கண்டதும் மரியாதையாகக் குந்தினான். கேலி பண்ணுகிறான் என்று அடி விழுந்தது. அடித்தவருக்கும் ஏன் அடிக்கிறோம் என்று தெரியாது. வாங்கியவனுக்கும் தெரியாது. மறுநாள் நான்தான் அவனுக்குத் தமிழில் சொன்னேன், இங்கே நிற்க வேண்டும் என்று. "அண்ணே, இத முந்தியே சொல்லியிருக்கக்கூடாதா?" என்று கேட்டான். சொல்வது யாருடைய வேலை என்று எங்களுக்குத் தெரியவில்லை.

2. இரண்டு சாவு வீடு

கைதியின் தாயோ தகப்பனோ செத்தால் சாவு வீட்டுக்குக் கூட்டிப் போகலாம். ஜெயிலுக்கே மேலதிகாரியான பெரிய துரை கையெழுத்து வைக்க வேண்டும். இரண்டு காவலர் கூடப் போவார்கள். அதற்கு எஸ்கோட் என்று சொல்வோம். கைவிலங்குக்கு மாஞ்சு. சிங்களச் சொல். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். ஒரு வளையம் கைதியின் வலது கையில், மற்றது காவலரின் இடது கையில்.

டவுனில் ஒரு கடை முதலாளியின் மகன் எங்களிடம் இருந்தான். செக் மோசடி. அவனுடைய தகப்பன் செத்தபோது நான் எஸ்கோட் போனேன். வீட்டு வாசலிலேயே சார்ஜன்ட் மாஞ்சைக் கழற்றிவிட்டார். அவன் உள்ளே போய்க் குளித்து வேட்டி மாற்றி வந்து, மகன் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தான். எங்களுக்குக் கதிரை போட்டார்கள். சோடா வந்தது. யாரும் ஓடவில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தது. நான் குறை சொல்லவில்லை.

அதே வருடம் தேயிலைத் தோட்டத்து ஆள் ஒருவனின் தகப்பன் செத்தார். அந்த எஸ்கோட்டில் என்னோடு வந்தவர் பண்டார. பிலிமத்தலாவைக்கு உள்ளே ஒரு கிராமத்துக்காரர். என்னை விட வயதில் மூத்தவர். சிங்களத்தில் அண்ணனுக்கு அய்யா. நான் அவரைப் பண்டார அய்யா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை மல்லி என்பார். மல்லி என்றால் தம்பி. கைதியை வேனை விட்டு இறக்க வேண்டாம் என்று அன்று எங்களுக்கு ஓடர். தோட்டத்து வரிசை வீடுகள் இருக்கிற லயத்துக்கு வேன் போகாது. அதனால் சனங்கள் பாடையை மேலே ரோட்டுக்குத் தூக்கி வந்தார்கள். வேனின் கண்ணாடிக்கு நேரே பாடையைச் சரித்துப் பிடித்தார்கள். முகம் தெரிய வேண்டுமே. அவன் கம்பிக்குப் பின்னால் இருந்து பார்த்தான். பிணம் கொஞ்சம் சறுக்கியது. பண்டார அய்யா மற்றப் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு பேரும் ஒரே ஜெயில். ஒரே உடுப்பு. சாவு வீட்டில் மட்டும் இரண்டு சட்டம்.

3. நான் பேசிய கூட்டம்

எங்கள் ஜெயிலர்களில் ஒருவர் நளீம் சேர். மடவளைக்காரர். கை சுத்தமானவர். ஒரு தேத்தண்ணி கூட யாரிடமும் வாங்க மாட்டார். நாட்டில் உள்ள எல்லா ஜெயிலுக்கும் ஒரே நடைமுறை எழுத வேண்டும் என்று மேலிடம் முடிவு பண்ணியபோது, எங்கள் பக்கத்துக்கு அவரைப் போட்டார்கள். எண்ணிக்கை எடுப்பது, பூட்டுவது, பார்வைக்கு விடுவது, சாப்பாடு, எஸ்கோட், எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி.

"மாரி, கூட்டத்துக்கு நீயும் வா. தமிழாக்கள்ட விஷயம் கேட்டா சொல்ல ஒரு ஆள் வேணும்" என்றார்.

போனேன். பெரிய மேசை. ஏசி. எல்லா ஜெயிலில் இருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் தங்கள் இடத்து வழக்கத்தைச் சொன்னார்கள். ஒருவர் சொல்வதை இன்னொருவர் நம்பவில்லை. எஸ்கோட் பற்றிக் கேட்டபோது நளீம் சேர் என்னைப் பார்த்தார். அந்த இரண்டு சாவு வீட்டையும் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. பாடையைச் சரித்துப் பிடித்ததைச் சொன்னேன்.

பிறகு வேறு ஜெயிலில் இருந்து வந்த ஓர் அதிகாரி எழும்பினார். தங்கள் ஜெயிலில் மாஞ்சைக் கழற்றிவிட்ட ஒருவன் சாவு வீட்டுப் பின்பக்கத்தால் ஓடினான் என்றார். அவனைப் பிடிக்க முடியவில்லை. எஸ்கோட் போன இரண்டு காவலருக்கும் வேலை போனது. ஒருவருக்குச் சின்னப் பிள்ளைகள். அதையும் எல்லாரும் கேட்டார்கள்.

இரண்டையும் வைத்துத்தான் சட்டம் எழுதினார்கள். வேனுக்குள் வைத்து முகம் காட்டக்கூடாது. எவனாக இருந்தாலும் இறக்கிப் பக்கத்தில் கூட்டிப்போக வேண்டும். அது நான் சொன்னதால் வந்தது. எவனாக இருந்தாலும் திரும்பி வரும் வரைக்கும் மாஞ்சு கழற்றக்கூடாது. அது அவர் சொன்னதால் வந்தது.

திரும்பி வரும் வழியில் நளீம் சேர் சந்தோஷமாக இருந்தார். "சல்லிக்காரனுக்கு ஒண்டு, தோட்டத்து மனிசனுக்கு ஒண்டு எண்டு இனி ஈக்காது மாரி. எல்லாருக்கும் ஒண்டுதான்" என்றார். சல்லி என்றால் காசு.

எனக்கும் சந்தோஷம்தான்.

4. பாக்கியம்

செல்வகுமார் என்று ஒரு கைதி. ஹந்தானைப் பக்கத்துத் தோட்டம். திருவிழாவில் குடித்துவிட்டு ஒருவனைக் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியால் வெட்டினான். வெட்டுப்பட்டவன் பிழைக்கவில்லை. நீண்ட தண்டனை. உள்ளே வந்த பிறகு அமைதியான ஆள். தச்சுப் பட்டறையில் வேலை.

அவனுக்குத் தாய் மட்டும்தான். பாக்கியம். ஒரே மகன். பார்வை நாள் என்றால் கொழுந்து பறிக்க மலைக்குப் போகாமல் இறங்கி வந்துவிடும். பெயர் கேட்டால், "கொலைகாரன் செல்வகுமாரோட அம்மாங்க" என்று தானே சொல்லும். அப்படிச் சொல்ல வேண்டாம் என்று ஒருநாள் சொன்னேன். "நீங்க மனசுக்குள்ள சொல்றத நான் வாயால சொல்றேன் சேர்" என்றது.

ரொட்டியும் சம்பலும் கொண்டு வரும். முன்பு நாங்கள் உள்ளே ஏதும் ஒளித்திருக்கிறதா என்று ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு உள்ளே விடுவோம். புதுச் சட்டம் வந்த பிறகு வீட்டுச் சாப்பாடு எந்த ஜெயிலிலும் இல்லை. முதல் பார்வை நாளில் நான்தான் கேட்டில் நின்றேன். திருப்பிக் கொடுத்தேன். பாக்கியம் சண்டை போடவில்லை.

"எல்லாருக்குமா சேர் இந்தச் சட்டம்?"

"எல்லாருக்கும்தான்."

"டவுன் ஆளுங்களுக்கும்?"

"அவங்களுக்கும்தான்."

"அப்ப சரி" என்றது. மகனைப் பார்த்துவிட்டு வந்து, பஸ் நிற்கிற இடத்தில் குந்தி அந்த ரொட்டியைத் தானே சாப்பிட்டது.

அந்த "அப்ப சரி" எனக்குப் பெரிய ஆறுதல். நாங்கள் செய்தது சரி என்று நினைத்தேன். இன்றும் அந்த விஷயத்தில் சரி என்றுதான் நினைக்கிறேன்.

மழைக்காலத்தில் ஒருநாள் தோட்டத்துத் தலைவர் கேட்டுக்கு வந்தார். பாக்கியம் மலையில் விழுந்து செத்துவிட்டது என்றார். நெஞ்சு வலி. கிராம சேவகரின் கடிதமும் கொண்டு வந்திருந்தார். மறுநாள் அடக்கம்.

பட்டறையில் போய் நான்தான் சொன்னேன். செல்வகுமார் கையில் இருந்த சீவுளியைக் கீழே வைத்தான். மரத்தூளைத் துடைத்தான்.

"கூட்டிப் போவாங்களா அண்ணே?"

"கூட்டிப் போவோம்."

"கொள்ளிக்குடம் நான்தான் தூக்கணும். வேற யாரும் இல்ல. கையக் கழட்டி விடுவீங்களா?"

"கழட்ட மாட்டோம்" என்றேன். பொய் சொல்லி என்ன பயன்.

நளீம் சேரிடம் போய்க் கேட்டேன். ஒரு குடம் தூக்குகிற நேரம் மட்டும் கழற்றலாமா என்று. அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏலாது மாரி. புதுச் சட்டத்துக்கு இதுதான் மொதல் எஸ்கோட். மொதல் எஸ்கோட்லயே நான் வளச்சா, ரெண்டாவது ஆள் சல்லியோட வருவான்."

அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை.

5. தேயிலைக்கு நடுவே

எஸ்கோட்டுக்குப் பண்டார அய்யாவையும் என்னையும் போட்டார்கள். அவர் மூத்தவர். சாவி அவரிடம். மாஞ்சு என் கைக்கும் செல்வகுமார் கைக்கும்.

வேன் நின்ற இடத்தில் இருந்து லயத்துக்கு நடக்க வேண்டும். தேயிலைக்கு நடுவே ஒரு ஆள் போகிற பாதை. இரண்டு பேர் சேர்ந்து போக முடியாது. அவன் பாதையில் நடந்தான். நான் சரிவில், செடிக்குள் கால் வைத்து நடந்தேன். இரண்டு தடவை சறுக்கினேன். அவன் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டான். மூன்றாவது தடவை அவன் சறுக்கினான். நான் பிடித்தேன். பின்னால் வந்த பண்டார அய்யா, "ரெண்டு பேரும் கல்யாணம் முடிச்ச மாதிரி போறீங்க" என்றார். செல்வகுமாருக்குச் சிங்களம் விளங்கும். கொஞ்சம் சிரித்தான். சிரித்ததும் அழுதுவிட்டான்.

லயத்தில் தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் நிறுத்தினார்கள். மறுபடியும் அடித்தார்கள். நான் தொப்பியைக் கழற்றினேன். சனங்கள் முதலில் பார்த்தது அவனுடைய முகத்தை அல்ல, எங்கள் கையை.

நேரம் போய்விட்டது என்று உடனே தூக்கினார்கள். மயானம் தோட்டத்து ஓரத்தில். குழி வெட்டியிருந்தது. குழிக்குப் பக்கத்தில் பாடையை இறக்கினார்கள். காரியம் செய்கிறவர் சின்னையா என்று ஒரு பெரியவர். குடத்தில் தண்ணீர் நிரப்பிக் கொண்டு வந்தார். மகன் குடத்தைத் தோளில் வைத்து உடலைச் சுற்றி வர வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னால் ஒருவர் கத்தியால் குடத்தில் ஒரு துளை போடுவார். கடைசியில் குடத்தைத் திரும்பிப் பார்க்காமல் பின்னால் போட்டு உடைக்க வேண்டும். தமிழ் ஆட்களுக்கு இதை எழுதத் தேவையில்லை. புதிதாக வேலைக்கு வருகிற மற்ற இனத்துப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

நிறைகுடத்தை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். அவனுடைய வலது கை மேலே போனால் என்னுடைய இடது கையும் மேலே போகும். அவன் சுற்றினால் நானும் சுற்ற வேண்டும். சின்னையா எங்கள் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சேருக்கு அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க" என்றேன்.

"அப்ப நீங்க இந்தக் குடத்துல கை வைக்கப்படாது. தாய் உசிரோட இருக்கிறவரு சுத்தப்படாதுங்க. உங்க வீட்டுக்கு நல்லதில்ல."

தலைவர் வந்து கழற்றச் சொல்லிக் கேட்டார். நான் முடியாது என்றேன். நாலு பக்கமும் ஆட்களை நிறுத்துகிறோம், ஓடினால் எங்களைப் பிடித்துப் போங்கள் என்றார். முடியாது என்றேன். ஒரு பெண், "இவரு எந்த ஊருத் தமிழரு?" என்று எனக்குக் கேட்கும்படி சொன்னது. சின்னையா ஒரு வழி சொன்னார். பங்காளிப் பையன் ஒருவன் இருக்கிறான், அவன் குடம் எடுக்கட்டும், செல்வகுமார் பக்கத்தில் நிற்கட்டும் என்று.

செல்வகுமார் அப்படியே பாடைக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். மாஞ்சு இழுத்ததில் நானும் குனிய வேண்டி வந்தது. பிறகு நானும் குந்தினேன். ஒப்பாரி நின்றுவிட்டது. மழை தூறியது. பாக்கியத்தின் முகத்தில் தண்ணீர் விழுந்தது. ஒருவர் குடையைப் பிடித்தார்.

பண்டார அய்யா என்ன பிரச்சினை என்று கேட்டார். சிங்களத்தில் சொன்னேன். அவர் குடத்தைப் பார்த்தார்.

"அம்மா செத்தவன் சுத்தலாமா?"

சின்னையாவிடம் கேட்டேன். சுத்தலாம் என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவங்க சாமி வேற. இருந்தாலும் தாய் தாய்தான்" என்றார்.

பண்டார அய்யா தொப்பியைக் கழற்றி என்னிடம் தந்தார். சப்பாத்தைக் கழற்றினார். காலுறையையும் கழற்றி மடித்துச் சப்பாத்துக்குள் வைத்தார். சாவியை எடுத்துக்கொண்டு எங்களுக்குப் பக்கத்தில் குந்தினார்.

இங்கே தொழில் தெரிந்தவர்கள் கவனிக்க வேண்டும். வழியில் ஒருவருக்கு ஒதுங்க வேண்டி வந்தால் மாஞ்சை மற்றக் காவலரின் கைக்கு மாற்றுவோம். அது வழக்கம். அப்போது காவலர் பக்கத்து வளையத்தை மட்டும்தான் திறப்போம். கைதியின் பக்கத்தைத் திறக்கத் தேவையே இல்லை. பண்டார அய்யா முதலில் என் வளையத்தைத் திறந்தார். பிறகு செல்வகுமாருடையதையும் திறந்தார்.

திறந்த மாஞ்சைக் கையில் எடுத்தார். பைக்குள் இருந்த லேஞ்சித் துணியை எடுத்து அதைத் துடைக்கத் தொடங்கினார். முதலில் ஒரு வளையம். பிறகு மற்றது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடியும் துடைத்தார். செல்வகுமாரைப் பார்க்கவே இல்லை.

செல்வகுமாருக்கு முதலில் விளங்கவில்லை. கையைப் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் தாயின் முகத்தைப் பிடித்தான். கன்னத்தில் இருந்த மழைத் தண்ணீரைத் துடைத்தான். தாடையைக் கட்டியிருந்த துணியைச் சரி பண்ணினான். தலைமுடியை ஒதுக்கினான்.

அவன் கையை எடுத்த பிறகுதான் பண்டார அய்யாவின் துடைக்கிற வேலை முடிந்தது. இடது கையை நீட்டினார். செல்வகுமாரின் வலது கையோடு சேர்த்துப் பூட்டினேன்.

இரண்டு பேரும் குடத்தோடு சுற்றினார்கள். பண்டார அய்யா உயரம். செல்வகுமார் கட்டை. குடத்தைத் தோளில் வைக்க அய்யா கொஞ்சம் குனிந்து நடக்க வேண்டியிருந்தது. துளை போட்டதும் தண்ணீர் அவருடைய யூனிபோமில் விழுந்தது. வெறுங்காலில் சேறு. திரும்பிப் பார்க்கக்கூடாது அய்யா என்று சிங்களத்தில் சொன்னேன். தெரியும் என்பது போலத் தலையை ஆட்டினார். குடம் பின்னால் விழுந்து உடைந்தது. அவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு உடலை இறக்கினார்கள். மண் தள்ளும்போதும் இரண்டு கையும் சேர்ந்துதான் தள்ளின.

வேனில் திரும்பும்போது செல்வகுமார் என் காதுக்குள் கேட்டான், சிங்களத்தில் மரியாதையாக நன்றி எப்படிச் சொல்வது என்று. சொல்லிக் கொடுத்தேன். ஜெயில் வரும் வரைக்கும் அவன் அதைச் சொல்லவில்லை. சொல்ல வரவில்லை போல.

6. நன்றி

அந்த மயானத்தில் ஒரு பையன் போனில் படம் எடுத்திருக்கிறான். செல்வகுமார் இரண்டு கையாலும் தாயின் முகத்தைப் பிடித்திருக்கிற படம். பக்கத்தில் பண்டார அய்யா மாஞ்சைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். பேஸ்புக்கில் போட்டான். "மனிதாபிமானம் உள்ள சிறைக்காவலர்களுக்கு எங்கள் தோட்ட மக்களின் நன்றி" என்று எழுதிப் போட்டான். கெட்ட எண்ணம் இல்லை. நன்றி சொல்லத்தான் போட்டான். நிறையப் பேர் அதைப் பார்த்து நல்ல வார்த்தை எழுதினார்கள். மேலிடத்திலும் பார்த்தார்கள்.

நளீம் சேர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். படத்தைக் காட்டினார்.

"ஏன் பண்டார அவன்ட பக்கத்தத் தொறந்த?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"மாத்தும்போது திறந்துட்டேன்."

"நீ புதுசா வேலைக்கு வந்தவனா?"



வாக்குமூலம் எழுதச் சொன்னார்கள். நானும் பக்கத்தில் நின்றேன், தடுக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். பண்டார அய்யா, சாவி என்னிடம், பொறுப்பு எனக்கு, மாரிக்கு இதில் ஒன்றும் இல்லை என்று எழுதினார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவருக்குக் கிடைக்க இருந்த சார்ஜன்ட் பதவி இல்லாமல் போனது. தூரத்து ஜெயிலுக்கு மாற்றினார்கள். அவருடைய மனுஷிக்கு அப்போது சுகமில்லை. பேராதனை ஆஸ்பத்திரியில் கிளினிக். அவர் இல்லாமல் அது தனியாகப் போய் வந்தது.

அவருக்கு இடமாற்றம் வந்த அன்று நளீம் சேரிடம் போனேன். கோபமாகத்தான் போனேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். அவருடைய கண்ணும் சிவந்திருந்தது.

"நான் ரிப்போர்ட் எழுதாம ஈக்கலாம் மாரி. அவன் நல்ல மனிசன் எண்டு எனக்குத் தெரியும். நாளைக்கு ஒருத்தன் சல்லி வாங்கிக்கொண்டு தொறப்பான். அவனும் கேப்பான், பண்டாரவுக்கு மட்டும் ஏன் கண்ண மூடின எண்டு. அப்ப நான் என்ன சொல்ல?"

எழும்பி வந்துவிட்டேன்.

கொஞ்ச நாளில் சட்டத்தில் ஒரு வரி கூடியது. மாஞ்சை மாற்றுவதென்றால் பூட்டிய வாகனத்துக்குள் மட்டும்தான் மாற்ற வேண்டும். எல்லா ஜெயிலில் இருந்தும் ஆட்களைக் கூப்பிட்டு வகுப்பு வைத்தார்கள். வகுப்பு எடுத்த இளம் அதிகாரி, எங்கோ ஒரு தோட்டத்தில் நடந்த கவலையீனத்தால் இந்த வரியைச் சேர்த்தோம் என்றார். நான் பின் வரிசையில் இருந்தேன். எழுதச் சொன்னதை எழுதினேன்.

அதற்குப் பிறகு எங்கள் ஜெயிலில் யாருடைய மகனும் கொள்ளிக்குடம் தூக்கவில்லை. கொரோனா வந்த பிறகு எஸ்கோட்டே குறைந்தது. போனில் வீடியோ போட்டுக் காட்டினோம். கைதி ஒரு கதிரையில் இருப்பான். நான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அங்கே யாராவது போனைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். மரம் தெரியும், வானம் தெரியும், ஆட்களின் கால் தெரியும். சிக்னல் விட்டுவிட்டு வரும். தமிழ், சிங்களம், முஸ்லிம், பணக்காரன், ஏழை, எல்லாருக்கும் ஒரே மாதிரி.

7. பிலிமத்தலாவையில் ஒரு மத்தியானம்

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் பண்டார அய்யாவைப் பார்க்கப் போனேன். பிலிமத்தலாவைச் சந்தியில் இறங்கி ஓட்டோ பிடித்தேன். அவருடைய மனுஷி போன வருடம் செத்துவிட்டது. மகள் கருப்பட்டித் துண்டோடு பிளேன்டீ கொண்டு வந்து வைத்தது. அவர் மெலிந்திருந்தார். பழைய ஆட்களைப் பற்றி விசாரித்தார். செல்வகுமார் இன்னும் உள்ளேதான், பட்டறையில் இப்போது அவன்தான் மற்றவர்களுக்கு வேலை சொல்லிக் கொடுக்கிறான் என்று சொன்னேன். சந்தோஷப்பட்டார்.

பிறகு கேட்டேன். அவ்வளவு காலமும் கேட்காமல் இருந்ததை. "ஏன் அய்யா அவன் பக்கத்தையும் திறந்தீங்க?"

அவர் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். சிங்களத்தில்தான் சொன்னார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் நினைவில் இருக்கிறது.

"எங்க அம்மா செத்த அன்னிக்கு நான் டியூட்டியில மல்லி. தூரத்து ஜெயில். காலையில செய்தி வந்தது. ஆள் குறைவு. இத்தன கைதிக்கு இத்தன காவலர் இருக்கணும்னு சட்டம். மாத்த ஆள் வராம விட மாட்டேன்னாங்க. ஆள் வந்து, நான் பஸ் பிடிச்சு வீட்டுக்கு வரும்போது மறுநாள் பின்னேரம். அம்மாவ மூடிட்டாங்க. மண்ணுக்கு மேல வெள்ளக் கொடி குத்தியிருந்தது. நான் அந்த முகத்தப் பார்க்கல்ல."

பிளேன்டீயை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்.

"அன்னிக்கு யாரும் பிழை செய்யல்ல. எல்லாரும் சட்டப்படிதான் நடந்தாங்க."

பிளேன்டீ ஆறிவிட்டது. குடித்துவிட்டு எழும்பினேன். அவர் ரோடு வரைக்கும் கூட வந்தார்.

புதிதாகச் சேர்கிற பிள்ளைகள் சில பேர், ஜெயிலுக்கு ஜெயில் ஒரு சட்டம் இருந்தால் என்ன என்று கேட்கிறார்கள். கூடாது. பாடையைச் சரித்துப் பிடித்ததை நான் பார்த்தவன். ஒரே சட்டம் வேண்டும் என்றுதான் அந்த மேசையில் அதைச் சொன்னேன். இன்றைக்குக் கூப்பிட்டாலும் அதையே சொல்வேன். ஆனால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வேன். எல்லாருக்கும் ஒரே மாதிரியாக மறுப்பது லேசான வேலை. அதற்கு ஒரு வரி போதும். எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுப்பதற்குத்தான் ஆள் வேண்டும், வாகனம் வேண்டும், நேரம் வேண்டும், யோசனை வேண்டும். நாங்கள் லேசான வேலையைச் செய்துவிட்டு, வேலை முடிந்தது என்று எழும்பி வந்துவிட்டோம்.